நான் ஏன் 998244353 பக்கம் போனேன்

புரோகிராமிங் போட்டிகளில் விடை பூதாகரமாக வளர்ந்தால், ஒரு பெரிய பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கேட்பார்கள். என் சொந்த நிரல் தொகுப்பில் எந்தப் பகா எண்ணை இயல்பாக வைப்பது என்று முடிவு செய்தபோது மூன்று எண்கள் களத்தில் இருந்தன: 1000000007, 2147483647, 998244353. கடைசி எண்ணை எடுத்தேன்.

மூன்றும் 32 பிட்டில் அடங்கும். பகா எண்கள் என்பதால் மூன்றிலும் பூஜ்யம் தவிர எந்த மீதியாலும் வகுக்கலாம். இதில் பேச ஒன்றுமில்லை.

2147483647க்குப் பரம்பரைப் பெருமை உண்டு. 2^31 − 1, எட்டாவது மெர்சென் பகா எண் (2இன் அடுக்கைவிட ஒன்று குறைந்த பகா எண்). பகா எண்தான் என்று 1772இல் ஆய்லர் உறுதிசெய்தார். மீதி காண வகுக்கவே வேண்டாம், மேல் பிட்டுகளை இறக்கிக் கீழ் பிட்டுகளோடு கூட்டினால் போதும். ஆனால் குறியுள்ள 32 பிட் மாறியில் இரண்டு மீதிகளைக் கூட்டினாலே கொள்ளளவைத் தாண்டி வழிந்துவிடக்கூடும். ஹாஷ் கணக்குக்கு (தரவை ஒரு சிறு எண்ணாகச் சுருக்குவதற்கு) மட்டும்தான் இதைத் தொட்டிருக்கிறேன், அதனால் வேகத்தைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

1000000007 மிகச் சிறிய பத்து இலக்கப் பகா எண். நினைவில் நிற்கும், தட்டச்சில் தவறாது. 1000000009உம் பகா எண் என்பதால் இரட்டைப் பகா ஜோடியில் ஒன்று.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது வேறு: எண்ணில் ஒன்றைக் கழித்தால் என்ன காரணிகள் கிடைக்கின்றன? 1000000006 = 2 × 500000003. பின்னது பகா எண், அதாவது 1000000007 'பாதுகாப்பான பகா எண்' வகை. குறியாக்கவியலில் அந்த வகைக்கு மதிப்பு அதிகம், ஆனால் எனக்கு அதுவே முட்டுக்கட்டை. 2147483646இலும் ஒரே ஒரு 2தான். 998244352 மட்டும் 119 × 2^23. ஒற்றைப்படை எண்ணை அதைவிடப் பெரிய 2இன் அடுக்கால் பெருக்கி ஒன்று கூட்டினால் வரும் இந்த வகையைப் புரோத் பகா எண் என்பார்கள்.

அத்தனை 2கள் எதற்கு? பல்லுறுப்புக்கோவைகளை வேகமாகப் பெருக்க உதவும் எஃப்எஃப்டியை (வேக ஃபூரியே உருமாற்றம்) முழு எண்களிலேயே செய்யும் என்டிடிக்குத்தான் (எண் கோட்பாட்டு உருமாற்றம்). பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போக ஒவ்வொரு படிக்கும் ஒரு 2 செலவாகும். இங்கே 23 படி, அதாவது 8388608 நீளம் வரை தாங்கும். உருமாற்றத்துக்குத் தேவையான ஒன்றின் மூலங்களையும் (அடுக்கேற்றினால் மீதி 1 தரும் எண்களையும்) 3ஐ அடுக்கேற்றியே எடுத்துவிடலாம். லட்சம் உறுப்புகள் கொண்ட இரண்டு பல்லுறுப்புக்கோவைகளை நேராகப் பெருக்கினால் 1000 கோடிப் பெருக்கல். என்டிடியில் 262144 நீளம், 18 படி, மூன்று உருமாற்றம். ஏறக்குறைய 70 லட்சத்தில் வேலை முடிந்துவிடும். தசமத் துல்லியப் பிழை பற்றிய கவலையும் இல்லை.

கேள்வியே 1000000007 என்று கேட்டால் வேறு வழியில்லை. அப்போது 998244353, 469762049, 167772161 மூன்றிலும் தனித்தனியாகப் பெருக்கி, சீன மீதித் தேற்றத்தால் (பல மீதிகளிலிருந்து மூல எண்ணை மீட்கும் முறை) ஒட்டுகிறேன். வேலை மும்மடங்கு, ஆனால் அதே நிரல்தான் ஓடுகிறது. மூன்றுக்குமே மூலங்களைத் தரும் வேலையை 3 செய்துவிடுகிறது.