லாங்ஃபோர்டின் எல்லை மசோதாவா, எச்.ஆர். 2-ஆ?

2023 டிசம்பரில் மட்டும் அமெரிக்காவின் தெற்கு எல்லையில் எல்லைக் காவல் படை பிடித்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். அவர்களில் பலர் ஒளிந்து ஓடவில்லை. ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்ததும் காவலர்களைத் தேடிப்போய்ப் புகலிடம் கேட்டார்கள். நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி ஒரு தாளைக் கொடுத்துப் பலரை வெளியே விட்டார்கள். தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் ஆகும். குடியேற்ற நீதிமன்றங்களில் 30 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகள் தேங்கிக் கிடந்தன. இதற்குத் தீர்வாக அமெரிக்க நாடாளுமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் வந்தன: பிரதிநிதிகள் சபையின் எச்.ஆர். 2, செனட்டில் லாங்ஃபோர்ட் குழு கொண்டுவந்தது. எந்த மசோதா இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பிரதிநிதிகள் சபையின் எச்.ஆர். 2 மசோதா 2023 மே 11 அன்று 219–213 என்ற கணக்கில் நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. எல்லைச் சுவர் கட்டும் பணியை மீண்டும் தொடங்க வேண்டும், அதிகாரபூர்வ நுழைவாயில் வழியாக வந்தவர் மட்டுமே புகலிடம் கேட்கலாம் என்றது அது. உயிருக்கு அஞ்சி ஓடிவருபவர் எந்த வழியாக வந்தார் என்பதை வைத்தே அவர் வழக்கைத் தள்ளுவது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் ஒரு விஷயத்தில் இந்த மசோதாவைப் பாராட்டத்தான் வேண்டும். வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் பணி உரிமை உண்டா என்று முதலாளிகள் மின்னணு முறையில் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கியது. ஆட்களை இழுப்பது வேலைதான். அந்தப் பொறுப்பை முதலாளியின் தலையில் வைக்கும் துணிவு செனட் மசோதாவில் இல்லை.

செனட் மசோதாவை 2024 பிப்ரவரியில் வெளியிட்டவர்கள் ஒக்லஹோமாவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜேம்ஸ் லாங்ஃபோர்ட், ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்ஃபி, சுயேச்சை கிர்ஸ்டன் சினிமா. முதற்கட்ட விசாரணையில் புகலிடம் கேட்பவர் காட்டவேண்டிய ஆதாரத்தின் அளவைக் கூட்டினார்கள். முடிவு ஆண்டுக்கணக்கில் இழுக்காமல் சுமார் ஆறு மாதங்களில் வரவேண்டும் என்றார்கள். அதற்காகப் புகலிடப் பிரிவுக்கு 4,300-க்கும் அதிகமான பணியாளர்கள். முதற்கட்டத்தில் தேறியவருக்கு உடனே வேலை அனுமதி. எல்லைக்கு வருவோர் ஒரு வாரச் சராசரியில் நாளொன்றுக்கு 5,000-ஐ எட்டினால், நுழைவாயில்களுக்கு இடைப்பட்ட எல்லையை மூடியே ஆகவேண்டும். “தினமும் 5,000 பேருக்குக் கதவைத் திறக்கிறார்கள்” என்று இதைத் திரித்துப் பரப்பினார்கள். அந்த எண்ணிக்கைக்குக் கீழே வந்தவர்களும் அதே கடுமையான விசாரணையைத் தாண்டியாக வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டார்கள்.

எல்லைக் காவலர்களின் தொழிற்சங்கமே இதை ஆதரித்தது. அப்போது அதிபர் வேட்பாளராக இருந்த டிரம்ப் எதிர்த்தார். பிப்ரவரி 7 அன்று 49–50 என மசோதா விழுந்தது. விவாதத்துக்கு எடுக்கவே 60 வாக்கு வேண்டிய இடத்தில் லாங்ஃபோர்டின் கட்சியில் அவருடன் நின்றவர்கள் வெகு சிலர். தேர்தல் ஆண்டில் இதைத் தீர்க்க முயன்றால் உங்களை ஒழித்துவிடுவேன் என்று பிரபல ஊடகவியலாளர் ஒருவர் மிரட்டியதாக அவையிலேயே சொன்னார் அவர். மே மாதம் மசோதா மீண்டும் வாக்கெடுப்புக்கு வந்தபோது, வெறும் அரசியல் நாடகம் என்று அவரே எதிர்த்து வாக்களித்தார்.

குறை இல்லாத மசோதா அல்ல. எல்லையை மூடும் அதிகாரம் மூன்றே ஆண்டுகளுக்குத்தான். இருந்தும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். 2024 ஜூனில் அப்போதைய அதிபர் பைடன் நாளொன்றுக்கு 2,500 பேர் என்ற வரம்போடு நிர்வாக ஆணை பிறப்பித்தார். அந்த ஆணையால் புகலிடம் கேட்பதைக் கட்டுப்படுத்த முடிந்தது. ஆனால் வழக்குகளை முடித்துவைக்கும் பணியாளர்களுக்கான நிதியை நாடாளுமன்றம்தான் ஒதுக்கியிருக்க வேண்டும்.