துருவ ஒளி பார்க்க ட்ரோம்சோவா, அபிஸ்கோவா?

நார்வேயின் ட்ரோம்சோ பெரிய ஊர். விமானத்திலேயே போய் இறங்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை, ஹெர்ரிங் மீனைத் தேடி வரும் திமிங்கலங்களையும் படகில் போய்ப் பார்க்கலாம். ஆனால் கடலோரம் என்பதால் மேகம் அடிக்கடி மூடிக்கொள்ளும்.

ஸ்வீடனின் அபிஸ்கோ சின்னக் கிராமம். ஸ்டாக்ஹோமில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் வந்துவிடலாம். மேற்கே இருக்கும் மலைகள் மழை மேகத்தைத் தடுப்பதால் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். உறைந்த ஏரிமேல் நின்றால் காலடியில் பனி நறநறக்கும், தலைக்கு மேல் பச்சை ஒளி திரைச்சீலை மாதிரி அசையும். அந்த ஒளிக்காகத்தான் பயணம் என்றால் அபிஸ்கோதான் என் தேர்வு.

கோடையில் நடக்க ஆசையா? அப்போதும் அபிஸ்கோதான்: சுமார் 440 கிலோமீட்டர் நீளும் குங்ஸ்லேடன் நடைபாதை இங்கேதான் தொடங்குகிறது. அப்புறம், எங்கே போனாலும் நாலு இரவாவது தங்குங்கள்.