அக்கோமா மேட்டுச் சுற்றுலா: ஒரு முட்டி வலிக்காரனின் மதிப்புரை

முதலில் முட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 68, இரண்டு முட்டியும் தேய்மானம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 367 அடி உயரப் பாறை மேட்டின் உச்சியில் அக்கோமா என்ற பூர்வகுடிகளின் ஊர் இருக்கிறது, பார்க்கப் போகலாம் என்று மகன் சொன்னதும், "நீங்க போயிட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்" என்றேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. அடிவாரத்தில் உள்ள ஸ்கை சிட்டி பண்பாட்டு மையத்தில் டிக்கெட் எடுத்தால் சின்ன பஸ்ஸில் மேலே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். திரும்பும்போது பாறையில் வெட்டிய பழைய படி வழியாக இறங்கலாம், முடியாதவர்கள் அதே பஸ்ஸில் வரலாம். மகனும் மருமகளும் படியில், நானும் என் மனைவியும் பஸ்ஸில்.

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் ஒரு குதிரை. மகன் வேலை பார்ப்பது டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில். அந்த ஊர் விமான நிலைய வாசலில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் ஒரு வெண்கலக் குதிரை, அதன்மேல் ஒரு ஸ்பானிய வீரர். மூன்று மாடி உயரம் இருக்கும். யார் இவர் என்று கேட்டால், சிலையின் பெயர் 'குதிரை வீரர்' என்றான் மகன். அவ்வளவுதானா? அவ்வளவுதான். சிற்பி ஜான் ஹவுசர் வடித்தது ஹுவான் தே ஓன்யாதேயை. 1598இல் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து நியூ மெக்சிகோவில் ஸ்பானியக் குடியேற்றத்தைத் தொடங்கியவர். அக்கோமாவில் அவர் செய்த கொடுமைக்காக, சிலை வேலை நடந்துகொண்டிருந்தபோதே எதிர்ப்பு வலுத்ததால், 2003இல் நகர மன்றம் அவர் பெயரை எடுத்துவிட்டுக் குதிரைக்காரராக்கிவிட்டது. 2007இல் திறப்பு விழா. பணம் செலவழித்து சிலையும் வேண்டும், ஆள் யாரென்றும் தெரியக்கூடாது! நல்ல ஏற்பாடு.

சிலையின் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. நான் வருவாய்த் துறையில் 31 வருடம் குப்பை கொட்டியவன். கையில் காகிதத்தோடு ஓர் ஆள் நின்றால் என்னவென்று படிக்காமல் எனக்கு அடுத்த வேலை ஓடாது. விசாரித்ததில், 1598 ஏப்ரல் 30 அன்று ஆற்றங்கரையில் அவர் வாசித்த பிரகடனமாம். மலையின் இலை முதல் ஆற்றின் கல்லும் மணலும் வரை எல்லாம் ஸ்பெயின் மன்னருக்கே சொந்தம் என்பது அதன் சாரம். நான்கெல்லை கிடையாது, அனுபவ பாத்தியதை விசாரணை கிடையாது, ஆட்சேபணைக்கு அவகாசம் கிடையாது. ஒரே வாசிப்பில் ஒரு நாட்டுக்கே பட்டா.

சரி, அக்கோமாவுக்கு வருகிறேன். எல் பாசோவிலிருந்து ஐந்து மணி நேரக் கார் பயணம், அல்புகெர்கியில் மேற்கே திரும்ப வேண்டும். வழிகாட்டிகள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்களே. எங்களுக்கு வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். மேலே மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கிடையாது, வீடுகள் கடைசி மகளுக்குப் போகும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தார். கடைசி மகளுக்கா என்று என் மனைவி மூன்று முறை கேட்டாள். அவள் நான்கு பெண்களில் கடைசி.

சான் எஸ்தேவான் தேவாலயம்தான் மேட்டில் பெரிய கட்டடம். 1629இல் தொடங்கி ஏறக்குறைய பத்து வருடம் கட்டியிருக்கிறார்கள். உத்தரங்கள் டெய்லர் மலையிலிருந்து வந்தவை, ஐம்பது கிலோமீட்டர் தூரம் இருக்கும். தரையில் படாமல் தோளிலேயே சுமந்து வந்ததாக ஊரில் சொல்கிறார்கள். சுவருக்கு மண், குழைக்கத் தண்ணீர் எல்லாமே கீழிருந்து முதுகில் ஏறியவை. பக்கத்து இடுகாட்டு மண்ணும் அப்படித்தான், வெறும் பாறையில் குழி எப்படித் தோண்டுவது? உள்ளேயும் இடுகாட்டிலும் படம் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களுக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும், வீடியோ அறவே கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் இதற்காக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. எல்லாரும் கைபேசியை உள்ளே வைத்துவிட்டுக் காது கொடுத்தார்கள்.

ஓன்யாதே கதையை வழிகாட்டி தேவாலயத்துக்கு வெளியே நின்று சொன்னார். 1598 டிசம்பரில் ஓன்யாதேயின் மருமான் ஹுவான் தே சால்திவார் ஆட்களோடு மேலே ஏறி உணவு கேட்டார். அதில் சண்டை மூண்டு அவரும் பத்துப் பன்னிரண்டு பேரும் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே அவருடைய தம்பி விசென்டே பீரங்கியோடு வந்தார். மூன்று நாள். நூற்றுக்கணக்கானோர் சாவு. பிழைத்தவர்களை நிறுத்தி விசாரணை நடத்தி ஓன்யாதே எழுதிய தீர்ப்பு இப்படி: 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டி 20 வருடம் அடிமை வேலை. அப்படி 24 பேர். அங்கே வந்திருந்த, ஹோப்பி என்ற வேறொரு பூர்வகுடியைச் சேர்ந்த இரண்டு ஆண்களுக்கு வலது கையை வெட்டி, ஊரில் போய்ச் சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். 1614இல் ஸ்பானிய அரசே ஓன்யாதேயைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, அபராதம் போட்டு, நியூ மெக்சிகோவுக்குள் நுழையத் தடை விதித்தது.

அந்த இடத்தில் ஓன்யாதேக்குச் சிலை இல்லை, கல்வெட்டு இல்லை. வழிகாட்டி இரண்டு முறைதான் பெயரையே சொன்னார். வடக்கே ஆல்கால்டேயில் இருந்த அவரது வெண்கலச் சிலையைப் பற்றி யாரோ கேட்டதும் லேசாகச் சிரித்தார். குடியேற்றத்தின் 400ஆம் ஆண்டு நெருங்கியபோது இரவோடு இரவாக யாரோ வந்து அந்தச் சிலையின் வலது பாதத்தை அறுத்துக்கொண்டு போனார்கள். புதுப் பாதம் வார்த்து ஒட்டினார்கள். 2020 ஜூனில் சிலையையே கழற்றி எடுத்துவிட்டார்கள். அதே வாரம் அல்புகெர்கி அருங்காட்சியக வாசலில் இருந்த ஓன்யாதேயும் போனார், அங்கே போராட்டத்தில் துப்பாக்கிச் சூடே நடந்தது.

அன்று இரவு தங்கிய விடுதியின் பெயர் வேண்டாம். ஹீட்டர் கத்தியது, ஆனால் சுடவில்லை.

மறுநாள் எல் மோரோ என்ற பாறைக்குன்று. கிராண்ட்ஸ் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, பாறையைச் சுற்றும் பாதை சிமெண்டு போட்டு முட்டிக்கு இதமாக இருக்கிறது. பாறையடியில் ஒரு தண்ணீர்க் குட்டை. அதற்காக வந்தவர்கள் எல்லாரும் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவர்களுக்கும் முன்னால் பூர்வகுடிகள் செதுக்கிய ஆடுகளும் கை உருவங்களும் இருக்கின்றன. ஓன்யாதே 1605 ஏப்ரல் 16 அன்று செதுக்கியது தெளிவாகவே தெரிகிறது: தென்கடலை, அதாவது பசிபிக்கை, கண்டுபிடித்துவிட்டு இவ்வழியே சென்றார். அவர் போய் வந்தது கலிஃபோர்னியா வளைகுடாவுக்கு. அதே வளைகுடாவில் 1540இலேயே அலார்கோன் என்ற இன்னொரு ஸ்பானியர் கப்பலில் போய்விட்டார். ஏற்கெனவே பட்டா ஆன நிலத்துக்கு மறுபட்டா! இப்படி எத்தனை மனுக்களைப் பார்த்திருப்பேன். என்றாலும் இந்தக் கையெழுத்து எனக்குப் பிடித்திருந்தது. விமான நிலையத்துக் குதிரையைவிட இது நேர்மையானது, பெயரும் தேதியும் போட்டுத்தான் பொய் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் அவசியம், மேலே நிழல் இல்லை. சடங்கு நாட்களில் அக்கோமாவில் வெளியாரை விடுவதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் கையில் எதையாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. நாங்கள் பொரித்த ரொட்டியோடு சமாளித்தோம், சோலா பூரிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கிறது. வீட்டு வாசல்களில் பானை விற்பார்கள், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பானையின் சுவர் முட்டை ஓடு போல மெலிசு, வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்புக் கோடுகள். என் மனைவி உள்ளங்கையளவு ஒன்றை எண்பது டாலருக்கு வாங்கினாள். காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுபவள் அன்று வாயே திறக்கவில்லை. ஊர் திரும்பும் நாளில் அந்தக் குதிரையைக் கடந்துபோகும்போதும் பானையை மடியில்தான் வைத்திருந்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தால் செய்தவர் பெயர், கீழே அக்கோமா.