செர்செஸ்டிஸ் என்று சொல்லி சிங்கோனியம் அனுப்பினான், 3,800 ரூபாய் போச்சு

அபூர்வச் செடி வாங்கும் ஆசை உள்ளவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 3,800 ரூபாய் கொடுத்த வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

செர்செஸ்டிஸ் மிராபிலிஸ் தெரியாதவர்களுக்கு: நைஜீரியா, கேமரூன், காபோன், காங்கோ பக்கத்து மழைக்காடுகளில் மரமேறி வளரும் கொடி. நம் சேம்பு, மணிபிளான்ட் குடும்பம்தான். இளஞ்செடியில் அம்பு வடிவ இலை, கரும்பச்சையில் வெள்ளைத் திட்டுகள். மேலே ஏறி முதிர்ந்ததும் வெள்ளை மறைந்து, இலை பெரிதாகிப் பிளவுபடும், ஓட்டையும் விழும். இந்த இலை மாற்றத்தை வைத்துத்தான் அவன் என்னிடம் கதை விட்டான்.

விற்றவன் சமூக வலைதளத்தில் பக்கம் வைத்து இந்த மாதிரிச் செடிகள் விற்கும் ஆள். பெயர் இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

விலை கேட்டபோது அவன் காசைப் பற்றிப் பேசவே இல்லை. "அக்கா, எங்க வைப்பீங்க? ஏசி ரூம்னா தர மாட்டேன். காத்துல ஈரம் இல்லன்னா இலை ஓரம் கருகிடும்" என்றான். பால்கனியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். நேர் வெயில் விழும் மூலையைப் பார்த்துவிட்டு அங்கே வேண்டவே வேண்டாம் என்றான். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், தேங்காய் நார்த்துண்டும் பெர்லைட்டும் (மண்ணில் நீர் வடியச் சேர்க்கும் வெள்ளைத் துகள்) கலந்து வையுங்கள், ஏறுவதற்குப் பாசி சுற்றிய மாஸ் குச்சி நடுங்கள் என்று பாடமே நடத்தினான். சொன்னதெல்லாம் சரிதான், அதுதான் எரிச்சல். செடி மேல் இத்தனை அக்கறை உள்ளவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? யுபிஐயில் 3,800 ரூபாய் அனுப்பினேன். கூரியர் செலவு அவனுடையதாம், பெரிய மனசு!

பெட்டியில் வந்தது சிங்கோனியம். மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை வளர்கிற செடி, ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊரில் சாலையோர நர்சரியிலேயே நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வெளிர்பச்சை இலை, நரம்பை ஒட்டிக் கொஞ்சம் வெண்மை. அடியிலிருந்த ஒரு இலை காம்பு வரைக்கும் மூன்றாகப் பிரிந்திருந்தது. சிங்கோனியம் முதிரும்போது அப்படித்தான் பிரியும். சின்னச் செர்செஸ்டிஸில் அப்படி ஒரு இலை வராது.

படம் அனுப்பிக் கேட்டேன். "அக்கா, அது ஜூவனைல் (இளம்) இலை, வளர வளர வெள்ளை வரும்." வெள்ளை சின்னச் செடியில் இருந்து பிறகு போவதல்லவா, நீ தலைகீழாகச் சொல்கிறாயே தம்பி என்றேன். பதில் இல்லை. மறுநாள் அக்கா மேடம் ஆகிவிட்டேன். "மேடம், பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" இருந்தது, அனுப்பினேன். நடுவில் வீடியோ கட் ஆகியிருக்கிறதாம். அப்புறம் ஹோல்சேல்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அப்புறம் கூரியரில் மாறியிருக்கும் என்றான். கூரியர்காரர் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, அதே அளவில் சிங்கோனியம் நட்டு அனுப்பினாராம்! கடைசியில் பிளாக். 3,800 ரூபாய் சுவாகா.

அபூர்வச் செடி வாங்குவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இன்றைய தேதி எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து வேர் தெரிய வீடியோ கேளுங்கள். இறக்குமதிச் செடி என்றால் பைட்டோசானிட்டரி சான்றிதழைக் (செடியில் நோயும் பூச்சியும் இல்லை என்று ஏற்றுமதி நாடு தரும் சான்று) காட்டச் சொல்லுங்கள், அது இல்லாமல் வெளிநாட்டுச் செடியை முறைப்படி கொண்டுவர முடியாது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915.

தங்கை போனில் அவன் பக்கத்தைப் பார்த்தேன். எனக்குக் காட்டிய அதே படத்தைப் போட்டு "கடைசி ரெண்டு பீஸ்" என்று இன்றைக்கும் விற்கிறான். இதே மாதிரி யாராவது ஏமாந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.