செனாப் வளைவா, அஞ்சி வடமா?

உதம்பூர்–ஸ்ரீநகர்–பாரமுல்லா ரயில் பாதையில், அதிகத் தொலைவில்லாத இரு பள்ளத்தாக்குகளைப் பொறியாளர்கள் இருவேறு வழிகளில் கடந்திருக்கிறார்கள்.

செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் செல்லும் ரயில் தளத்தைத் தாங்குவது, 467 மீட்டர் இடைவெளியைத் தாண்டும் எஃகு வளைவு. வளைவு தன் பாரத்தைக் கீழ்நோக்கி மட்டுமின்றி இரு கரைகளையும் நோக்கிப் பக்கவாட்டிலும் தள்ளுவதால், இரு பக்கப் பாறைகளும் அந்த உந்துதலைத் தாங்கியே தீர வேண்டும். விரிசலோடிய சரிவுகளில் துளையிட்டு, கம்பிகளைச் செருகி, கலவையால் இறுக்கிய வேலை கண்ணில் படாவிட்டாலும் பாலத்தின் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது. இரு பாதிகளும் 2021 ஏப்ரலில் நடுவில் இணையும்வரை தற்காலிக வடங்களே அவற்றைப் பிடித்திருந்தன. வளைவும் பிறக்கும்போது வடத்தைத்தான் நம்பியிருந்தது!

அஞ்சி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் முதலில் திட்டமிடப்பட்டது வளைவே. உடைந்த பாறைகளும் நிலையற்ற சரிவும் அதற்கு இடம் கொடுக்காததால், ஒற்றைக் கோபுரத்திலிருந்து 96 வடங்கள் தளத்தைத் தாங்கும் வடிவம் தேர்வானது. ஏறத்தாழ 725 மீட்டர் நீளமுள்ள இது, இந்தியாவின் முதல் வடம் தாங்கு ரயில் பாலம். பெரும்பாரம் ஒரே அடித்தளத்தில் குவிவதால், அந்த ஓரிடத்தை உறுதிப்படுத்துவதில் முழுக் கவனமும் செலுத்த முடிந்தது.

ரயிலின் கனத்துக்கும் பிரேக் விசைக்கும் விறைப்பான வளைவே பொருத்தம் என்பது என் கருத்து. வடப் பாலம் சற்று நெகிழும், வடங்களையும் ஆயுள் முழுதும் கண்காணிக்க வேண்டும். ஆனால் பாறை மறுத்துவிட்டால் அந்த விருப்பத்துக்கு மதிப்பில்லை.