டெல்லியிலிருந்து கோவைக்கு ஒரு பழைய பாக்ஸ்டர்: கன்டெய்னர் லாரிச் சேவை குறித்த என் மதிப்பீடு

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டெல்லியில் போர்ஷே பாக்ஸ்டர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். 2008-இல் பதிவான, 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட, ஆர்வலர்கள் 987 என்று அழைக்கும் தலைமுறையைச் சேர்ந்த கார் அது. கோவையில் இருந்துகொண்டு டெல்லியில் கார் தேடியதற்குக் காரணம் உண்டு. தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்களும் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் கார்களும் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. அதனால், சொந்தக்காரர் கண்ணும் கருத்துமாகப் பராமரித்த கார்கள்கூட 13, 14 வயதில் தெற்கே உள்ளவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு அப்போது வந்துகொண்டிருந்தன. என் காரும் அப்படி விற்பனைக்கு வந்ததுதான். வாங்குவது எளிதாக முடிந்தது. ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் கடந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும் வேலையாக இருந்தது.

அதற்காக நான் அமர்த்திய கார் போக்குவரத்து நிறுவனத்தின் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறை இந்தத் தொழிலில் பலரிடமும் காணப்படும் வழக்கம் என்பதால், பெயரைவிட அது எங்கே, எப்படி நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே வாங்குபவர்களுக்குப் பயன்படும்.

நண்பர்கள் பலரும் முதலில் கேட்டது, ஏன் நீயே ஓட்டிக்கொண்டு வரவில்லை என்பதுதான். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், கர்நூல், பெங்களூரு என்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே சேலம் வரை இறங்கிவிடலாம். ஆனால் 987-இல் மாற்றுச் சக்கரம் கிடையாது. துளையை அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு கருவியும் மட்டுமே காரோடு வருகின்றன. பள்ளத்தில் விழுந்து டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்துபோனால் அந்தத் திரவத்தால் ஆவது ஒன்றுமில்லை, அந்த அளவு டயர் வழியில் உள்ள சிற்றூர்களில் கிடைக்கப்போவதும் இல்லை. டயர்களின் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்தபோது, அவை 2014-ஆம் ஆண்டில் தயாரானவை என்பது தெரிந்தது. மேல் பட்டையில் தேய்மானம் குறைவாக இருந்தாலும், ரப்பர் கெட்டியாகிவிட்ட டயர்களை நம்பி, இன்னும் பழகாத ஒரு காரில் மூன்று நாள் நெடுஞ்சாலைப் பயணம் போக எனக்கு மனம் வரவில்லை.

விசாரித்ததில் மூன்று வழிகள் இருந்தன. தட்டையான திறந்த தளத்தில் காரை ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரி ஒன்றைத் தனியாக அமர்த்தினால், அது திரும்பிச் செல்லும் தூரத்துக்கும் சேர்த்து ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். திறந்த டிரெய்லரில் பல கார்களோடு ஏற்றுவது மிக மலிவு. அதற்கு நான் ஒப்பாததற்குக் காரணம் காரின் துணிக்கூரை. பாக்ஸ்டரில் கூரையிலிருந்து வழியும் நீர் வெளியேறும் துளைகளில் இலைதழை அடைத்துக்கொண்டால், தண்ணீர் உள்ளே இறங்கி இருக்கைக்கு அடியில் தேங்கும். காரின் பூட்டையும் எச்சரிக்கை ஒலியையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. பல நாள் புழுதியிலும் மழையிலும் நிற்கும் திறந்த டிரெய்லர் உலோகக் கூரை கொண்ட காருக்குச் சரிப்படலாம், இதற்குச் சரிப்படாது. எனவே, பல கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிச் செல்லும் மூடிய கன்டெய்னரைத் தேர்ந்தெடுத்தேன். டெல்லி வீட்டு வாசலில் எடுத்து, கோவை வீட்டு வாசலில் இறக்க 38,000 ரூபாய். வழி முழுவதும் காரை லாரியில்தான் கொண்டுவர வேண்டும், யாரும் சாலையில் ஓட்டக்கூடாது என்பதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன். சம்மதம் என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிப் பதில் பின்னால் மிகவும் உதவியது.

காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எல்.ஆர். என்று நாமும் பில்டி என்று வடக்கிலும் சொல்லும் சரக்கு ரசீதின் பின்பக்கத்தில், சேதம் ஏற்பட்டால் நிறுவனத்தின் பொறுப்பு கட்டணத்தின் 10 மடங்குக்கு மேல் போகாது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். என் கணக்கில் அது 3,80,000 ரூபாய். காரின் விலைக்கு அருகில்கூட வராது. கொண்டுசெல்லும் வழியில் ஏற்படும் சேதத்துக்காக நிறுவனம் தனியாக விற்கும் வழிக்காப்பீட்டில் என் பெயரும் பதிவு எண்ணும் அறிவித்த மதிப்பும் உள்ள சான்றிதழைக் கேட்டபோது, இரண்டு நாள் இழுத்தடித்த பிறகே அனுப்பினார்கள். இதற்கிடையில், வழக்கமான முழுக் காப்பீட்டுப் பாலிசியின் சொந்தச் சேதப் பிரிவே, கார் சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, விமானம் ஆகியவற்றில் கொண்டுசெல்லப்படும்போது ஏற்படும் சேதத்தையும் ஏற்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பாலிசி வாங்கியவர் பெயரில் இருந்தாக வேண்டும். கார் கைமாறினால் மூன்றாம் தரப்புக் காப்பீடு புதிய உரிமையாளருக்குத் தானாக வந்துசேரும். சொந்தச் சேதக் காப்பீடு அப்படி வராது. 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். கார் லாரியில் ஏறுவதற்கு முன்பே நான் அதை முடித்துவிட்டேன்.

ஏற்றிய விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டெல்லிக்குள் பகலில் சரக்கு வண்டிகளுக்குத் தடை இருப்பதால் பிளாட்பெட் இரவு பதினொன்றரை மணிக்கு வந்து, குருகிராமுக்கு அப்பால் உள்ள அவர்களுடைய ஹப்புக்கு, அதாவது கார்களை லாரிகளில் ஏற்றி இறக்கும் இடத்துக்கு, காரைக் கொண்டுசென்றது. மறுநாள் நானும் அங்கே போயிருந்தேன். தரையிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உயரமே உள்ள கார் என்பதால், ரேம்ப் ஏறும்போது முன்பக்கம் இடிக்கும் என்று பயந்தேன். அங்கிருந்த மேற்பார்வையாளர் நான் வாய் திறப்பதற்கு முன்பே நீண்ட மரப்பலகைகளை எடுத்துவரச் சொல்லி, ரேம்ப்பின் அடியில் அடுக்கி, ஏற்றத்தின் சாய்வைக் குறைத்தார். மேல் அடுக்கில் உள்ள காரிலிருந்து எண்ணெய் கசியக்கூடும் என்பதால், கீழ் அடுக்கில் ஏற்றிய என் காரின் துணிக்கூரை மேல் தார்ப்பாய் விரித்தார்கள். பெல்ட்டுகளைச் சக்கரங்களின் மேல் சுற்றியே இறுக்கினார்கள்; சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்களில் கொக்கி மாட்டி இழுக்கும் முரட்டு வேலை நடக்கவில்லை. தொழில் தெரிந்தவர்கள் கையில் காரை ஒப்படைத்திருக்கிறோம் என்ற நிம்மதியோடு விமானம் ஏறினேன். அதற்கு முன் 60-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்துக்கொண்டேன். ஓடோமீட்டர் 41,286 காட்டியது. தரையில் படுத்து, காரின் அடிப்புறத்தையும் படமெடுத்தேன்.

பத்து முதல் பன்னிரண்டு நாட்கள் என்றார்கள். லாரி எங்கே இருக்கிறது என்ற செய்தி அன்றாடம் காலையில் வந்தது. நாக்பூரில் ஒரு நாள் நின்றதையும் மறைக்காமல் சொன்னார்கள். பதினோராம் நாள் பெங்களூருப் புறநகரில் உள்ள ஹப்பில் இறக்கும்போது காரின் பேட்டரி உயிரிழந்திருந்தது. பூட்டிய நிலையிலும் எச்சரிக்கைக் கருவி சிறிது மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் இதை எதிர்பார்த்திருக்க வேண்டியவன் நான்தான். இந்தக் காரில் பேட்டரி முன்பக்கப் பெட்டிக்குள் இருக்கிறது, அந்தப் பெட்டியோ மின்சாரத்தால்தான் திறக்கும். ஹப்பில் இருந்த இளைஞர் தொலைபேசியில் என்னை அழைத்து, பானெட்டை நெம்பித் திறக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்து, கால் வைக்கும் இடத்தின் பக்கச்சுவரில் உள்ள ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, அதிலிருந்து வெளியே இழுக்கக்கூடிய நேர்முனைக் கம்பியில் வேறொரு பேட்டரியின் இணைப்பைக் கொடுத்துச் சாவியை அழுத்தச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, அப்படியே செய்து, திறந்ததும் படம் அனுப்பினார். அந்த இளைஞருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நெம்பியிருந்தால் அந்தப் பக்கம் முழுவதற்கும் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்திருக்கும்.

அதே ஹப்பில்தான் எனக்கு ஒரு தீங்கும் நடந்தது.

காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேகை, கார் என் வீட்டுக்கு வந்துசேரும்வரை ரத்துசெய்ய வேண்டாம் என்று விற்றவரிடம் கேட்டிருந்தேன். பதிமூன்றாம் நாள் காலை அவர் எனக்குச் சில குறுஞ்செய்திகளை அனுப்பிவைத்தார். இரவு ஒன்றே முக்கால் மணிக்குக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பணம் கழிந்திருந்தது. பிறகு வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் என்று வரிசையாக வந்திருந்தன. லாரிக்குள் இருக்கும் காரின் ஃபாஸ்டேகில் எந்தச் சுங்கச்சாவடியிலும் பணம் கழியக் காரணமில்லை. யாரோ அதை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் பயந்து தவிர்த்த அதே ஒன்பது வயது டயர்களோடு, சேலம் நோக்கி இறங்கும் பக்கத்தில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து மோதும் தொப்பூர்க் கணவாயில், நள்ளிரவில், அந்தக் காரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் இறக்கியிருக்கிறார். அந்தச் செய்திகளைப் படித்தபோது என் கை நடுங்கியது.

காலை எட்டு மணிக்குக் கார் வீட்டு வாசலுக்கு வந்தது. ஓட்டிவந்தவர் வயதில் சிறியவர், களைத்துப்போயிருந்தார். "கோயமுத்தூருக்கு லோடு சேரலைங்க சார், நேரா ஓட்டிட்டுப் போயிருன்னு சொல்லிட்டாங்க" என்றார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. சொன்ன வேலையைச் செய்திருக்கிறார். அவருக்குக் காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் முன் டெல்லியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஓடோமீட்டரில் 41,661. அடிப்புறத்தில் முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு ஏதோ ஒரு வேகத்தடையில் உரசி, ஓர் ஓரம் கிழிந்து தொங்கியது. மற்றபடி பெயின்ட், சக்கரங்கள், கூரை எல்லாம் ஏற்றியபோது இருந்த நிலையிலேயே இருந்தன. இந்த இரண்டு குறைகளையும் ரசீதின் மூன்று பிரதிகளிலும் என் கையாலேயே எழுதி, ஓட்டுநரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன்.

நிறுவனம் முதலில் மறுத்தது; ஹப்புக்குள் நகர்த்திய தூரம்தான் அது என்றார்கள். 375 கிலோமீட்டர் எந்த ஹப்புக்குள்ளும் நகர்த்த முடியாது என்பதையும் சுங்கச்சாவடிக் குறுஞ்செய்திகளையும் அவர்கள் எழுதிய சம்மத மின்னஞ்சலையும் ஒன்றாக இணைத்து அனுப்பினேன். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவுசெய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்தால்தான் பின்னால் வழக்குத் தொடர முடியும் என்பதால், அந்தக் கடிதத்தையே அறிவிப்பாகக் கருதும்படி குறிப்பிட்டேன். அதன் பிறகு குரல் மாறியது. மூன்று வாரங்களில் கடைசிக் கட்டப் பயணத்துக்கான தொகையாக 9,000 ரூபாயையும் பிளாஸ்டிக் தகட்டின் விலையையும் திருப்பித் தந்தார்கள். மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. பணத்தைவிட அந்த ஒரு வரியை நான் பெரிதாக மதித்திருப்பேன்.

ஆவணங்களைப் பொறுத்தவரை நான் எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கை வீண்போகவில்லை. காரோடு பதிவுச் சான்றிதழ், காப்பீடு, மாசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை மட்டுமே அனுப்பினேன். டெல்லிப் போக்குவரத்து அலுவலகம் தந்த தடையில்லாச் சான்றான 28-ஆம் படிவம், விற்றவர் கையெழுத்திட்ட 29, 30-ஆம் படிவங்கள் ஆகியவற்றின் அசல்கள் விரைவு அஞ்சலில் வந்தன. இரண்டாவது சாவியையும் பராமரிப்புப் புத்தகங்களையும் நானே விமானத்தில் கொண்டுவந்தேன். வேறு மாநிலத்தில் பதிவான காரை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவு எண் பெற வேண்டும் என்பது சட்டம். வயதுக்கேற்ற ஆயுள்வரியைக் கட்டி, அடுத்த கோடைக்குள் அதையும் முடித்தேன். நான்கு டயர்களையும் வந்த வாரமே மாற்றிவிட்டேன்.

ஏற்றுவதிலும் கட்டுவதிலும் செய்தி சொல்வதிலும் இந்த நிறுவனம் நான் விசாரித்த மற்றவர்களைவிட மேல் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் லோடு சேராத கடைசித் தூரத்தில் அவர்களை நம்ப மாட்டேன். பதிவுசெய்யும்போது, கார் எத்தனை முறை லாரி மாறும், எந்த ஊர் ஹப்பில் மாறும், அங்கிருந்து வாசல்வரை எந்த வண்டியில் வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடியும் வடக்கிலிருந்து ஒரு கார் கொண்டுவர நேர்ந்தால், பெங்களூரு வரைக்கும் மட்டும் இவர்களிடம் பதிவுசெய்வேன். அங்கிருந்து கோவையில் எனக்குத் தெரிந்த பிளாட்பெட்காரரை அழைத்துக்கொண்டு நானே போய், பகல் வெளிச்சத்தில் காரை ஏற்றிக்கொண்டு வருவேன்.