ஆலை லேப்பில் ஏழு வருஷம்: ஒரு பிஎச் மீட்டர், மூன்று எலக்ட்ரோடு

மலேசியாவில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லேப் வேலை பார்க்கிறேன். மேசை மேல் வைக்கும் பிஎச் மீட்டர் (அமிலமா காரமா என்று அளப்பது) ஒன்று, சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் ஒன்று, நாலு தசம இடம் காட்டும் தராசு ஒன்று. ஏழு வருஷமாக இந்த மூன்றும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. வாங்கிய முதல் மாதத்தில் எழுதிய விமர்சனங்கள் எங்கும் கிடைக்கும். எல்லாம் பெட்டியைப் பிரித்த கதை. சேற்றிலும் எண்ணெயிலும் வருஷக்கணக்காக முக்கி எடுத்தபின் அந்தக் கருவி என்ன ஆகிறது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அதனால் இதை எழுதுகிறேன். பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை. நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி பிராண்டுக்குச் சம்பந்தமில்லாதது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மீட்டரோடு வரும் கையேட்டில் எல்லாக் கணக்கும் 25 டிகிரிக்குப் போட்டிருக்கும். எங்கள் லேப்பில் காலை எட்டு மணிக்கே 29. மதியம் பாய்லர் பக்கத்துச் சுவர் காய்ந்துவிட்டால் 33. ஏர்கோன் இருக்கிறது, அது ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். ஈரக்காற்று, எண்ணெய்ப் பிசுக்கு, லோரி போகும்போது அதிரும் தரை. கையேடு எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததில்லை என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

பிஎச் மீட்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, உள்ளே இருப்பது ஒரு வோல்ட் மீட்டர்தான். எலக்ட்ரோடு என்கிற குச்சியின் நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் எத்தனை மில்லிவோல்ட் தருகிறது என்று பார்த்து, அதைப் பிஎச் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. 25 டிகிரியில் ஒரு பிஎச் அளவுக்கு 59.16 மில்லிவோல்ட். 30 டிகிரியில் 60.15. இந்த வித்தியாசத்தை மீட்டரின் வெப்ப உணரி தானே சரிசெய்துவிடும். பெட்டி மேல் ‘தானியங்கி வெப்பத் திருத்தம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பது இதைத்தான். நானும் அதை நம்பித்தான் முதல் வருஷம் ஏமாந்தேன்.

பாய்லர் தண்ணீரைச் சூடாகவே கொண்டுவந்து எலக்ட்ரோடை வைத்தேன். 50 டிகிரி இருக்கும். மீட்டர் 10.3 காட்டியது. எங்களுக்கு 10.5-க்கு மேல் வேண்டும். மருந்து பத்தவில்லை என்று பாய்லர்மேன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் வாளியைத் தூக்குவதற்குள், என்னவோ தோன்றி, மிச்சத் தண்ணீரை ஆறவைத்து மறுபடி பார்த்தேன். கிட்டத்தட்ட 11. மீட்டர் பொய் சொல்லவில்லை. சூடேறினால் தண்ணீரின் அயனியாக்கமே கூடிவிடும். 25 டிகிரியில் நடுநிலை 7.0 என்றால் 50 டிகிரியில் அது 6.6-க்கு இறங்கிவிடுகிறது. காரத் தண்ணீரில் இந்த இறக்கம் இன்னும் பெரிது, முக்கால் அலகு வரை போகும். வெப்பத் திருத்தம் எலக்ட்ரோடின் மில்லிவோல்ட்டைத்தான் திருத்துகிறது, தண்ணீரின் குணத்தையல்ல. அன்றிலிருந்து எந்த மாதிரியானாலும் மூடிய பாட்டிலில் ஆறவைத்து, குறிப்புப் புத்தகத்தில் பிஎச்சுக்குப் பக்கத்திலேயே வெப்பநிலையும் எழுதுகிறேன். வெப்பநிலை எழுதாத பிஎச் எண்ணை இப்போதெல்லாம் நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

இனி எலக்ட்ரோடு. மீட்டர் ஒருமுறைச் செலவு; எலக்ட்ரோடு மாமியார் வீட்டுச் சீர் மாதிரி, வருஷா வருஷம் கேட்கும். முதலாவது, மீட்டரோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் உடம்பு, ஜெல் நிரப்பியது. கீழே விழுந்தால் உடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், பார்த்தால் நமக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஒன்பது மாதத்தில் செத்தது. கழிவுநீரில் எண்ணெயும் நாரும் சேர்ந்து உள்ளிருக்கும் கரைசல் கசியும் சின்னத் துளையை அடைத்துவிட்டது, உள்ளே திறந்து கழுவ வழியில்லை.

இரண்டாவது, கண்ணாடி உடம்பு, பொட்டாசியம் குளோரைடு கரைசல் நாமே நிரப்பும் வகை. நன்றாக ஓடியது. அதைக் கொன்றது குளம். கழிவுநீரைக் காற்றில்லாமல் மக்கவைக்கும் எங்கள் குளத்தின் பக்கம் போனால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. எலக்ட்ரோடில் மாறாத மில்லிவோல்ட் தரும் ஒப்புப் பகுதியில் இருப்பது வெள்ளி. சல்ஃபைடு உள்ளே போய் வெள்ளியைப் பிடித்ததும் துளை கறுத்துவிட்டது. தயோயூரியா கலந்த அமிலத்தில் ஊறவைத்தால் கறுப்பு போகும் என்று படித்து, இரண்டு முறை உயிர்கொடுத்தேன். மூன்றாம் முறை எழவில்லை.

மூன்றாவது, இரட்டைச் சந்தி வகை. வெள்ளிக்கும் வெளிக் கரைசலுக்கும் நடுவில் இன்னொரு அறை இருப்பதால் சல்ஃபைடு எளிதில் எட்டாது. விலை முதல் இரண்டையும்விடக் கூடுதல். நாலாவது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவுநீர் பார்ப்பவர்கள் நேராக இதற்கே போய்விடலாம். நான் கட்டிய பள்ளிக்கூடப் பணத்தை நீங்களும் கட்ட வேண்டாம்.

எலக்ட்ரோடு சாகப்போவதை மீட்டர் சொல்வதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். பஃபர் என்பது பிஎச் முன்பே தெரிந்த கரைசல். மில்லிவோல்ட் பொத்தானை அழுத்தி, 7 பஃபரில் ஓர் எண், 4 பஃபரில் ஓர் எண் எடுத்துக் கழியுங்கள். எங்கள் ஊர்ச் சூட்டில் வித்தியாசம் 180-ஐ ஒட்டி வர வேண்டும். 170-க்குக் கீழே வந்தால் கழுவிப் பார்ப்பேன். 160-க்கு வந்துவிட்டால் புதுசுக்கு ஆர்டர் எழுதிவிடுவேன். அந்த எண்ணை மாதாமாதம் சுவரில் ஒட்டிய தாளில் குறித்து வருகிறேன். எலக்ட்ரோடு ஒரே நாளில் சாவதில்லை, மெல்ல மெல்ல மந்தமாகிறது. தாளைப் பார்த்தால் அது தெரியும்.

கழுவுவதும் வைப்பதும் பற்றி நிறையப் பேசலாம். துணியால் துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய் பட்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோபுரோப்பனாலில் ஒரு முக்கு, பிறகு பொட்டாசியம் குளோரைடில் ஊறல். நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஒரு தீபாவளி லீவில் நடந்தது. காய்ந்துவிடக் கூடாதே என்று அக்கறையாகக் காய்ச்சி வடித்த நீரில் போட்டுவிட்டுப் போனேன். சுத்தமான தண்ணீரைவிட நல்லது எது என்று நினைப்பு. வடிநீர், குமிழிலிருந்தும் துளையிலிருந்தும் உப்பை உறிஞ்சிவிடும். முறுக்கு, அதிரசம் எல்லாம் தின்றுவிட்டு மூன்றாம் நாள் வந்து பார்த்தால், எண் நிற்காமல் ஐந்து நிமிஷம் நகர்ந்துகொண்டே இருந்தது. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஓர் இரவு கிடந்தபின்தான் நிதானத்துக்கு வந்தது.

பஃபர் விஷயத்தில் 10-ஐத்தான் நான் நம்புவதில்லை. திறந்துவைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக் கீழே இறங்கிவிடும். 4 பஃபரில் நம் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பஞ்சு மாதிரி மிதக்கும். 25 டிகிரியில் 10.01 இருக்கிற பஃபர் 30 டிகிரியில் 9.97. பாட்டிலின் பின்பக்கம் இந்த அட்டவணை பொடி எழுத்தில் இருக்கும். பயன்படுத்திய பஃபரைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம்தான், ரசம் வைக்கும்போது.

இவ்வளவும் எதற்கு? வெளியே விடும் கழிவுநீரின் பிஎச் 5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது 1977-இல் வந்த கச்சா செம்பனை எண்ணெய் ஆலை ஒழுங்குவிதிகளில் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் மூலக் கழிவு 4-லிருந்து 5-க்குள் இருக்கும், புளித்த கஞ்சி மாதிரி. குளங்களைத் தாண்டி வரும்போது 7, 8 என்று ஏறும். அதே கழிவுநீருக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன்) பார்க்கும்போது பல ஊர்களில் 20 டிகிரியில் 5 நாள் வைப்பார்கள். மலேசியாவில் 30 டிகிரியில் 3 நாள். வெளியூர்ப் புத்தகத்து எண்ணையும் நம் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சூட்டைக் கணக்கில் எடுத்து எழுதிய ஒரே விதி என் கண்ணில் பட்டது அதுதான்.

பியூரெட்டுக்கு வருகிறேன். என் மானம் போன கதை அங்கேதான் இருக்கிறது.

எண்ணெயின் தரத்துக்கு முதல் எண் தனிக் கொழுப்பு அமிலம், அதாவது எண்ணெய் சிதைந்து பிரிந்த அமிலம். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். குலையை வெட்டி நேரத்துக்கு ஆலைக்கு அனுப்பாவிட்டாலோ, பழம் அடிபட்டாலோ அது ஏறும். ஐந்து கிராம் எண்ணெயை ஐசோபுரோப்பனாலில் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் செறிவுள்ள காஸ்டிக் சோடாவைப் பியூரெட்டிலிருந்து விட வேண்டும். இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் முடிந்தது. செலவான மில்லியையும் நார்மலையும் 25.6-ஐயும் பெருக்கி, எடையால் வகுத்தால் சதவீதம் வரும்.

ஒரு மாதம் எங்கள் எண் 5.0, 5.1 என்றே வந்துகொண்டிருந்தது. வாங்குகிறவர் லேப்பில் அதே எண்ணெய் 4.8. மேனேஜர் எங்கள் எண்ணைத்தான் பார்த்தார். குலை வந்து இறங்கும் ரேம்பில் தரம் பிரிக்கிற அண்ணனைக் கூப்பிட்டு, பழைய குலையை உள்ளே விடுகிறாய் என்று எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார். இருபது வருஷமாகப் பழத்தைப் பார்த்தே கணக்குச் சொல்லும் மனுஷன். சாயங்காலம் லேப் கதவில் வந்து நின்றார்.

“நேத்து வெட்டுன குலை நேத்தே வந்துருச்சு தம்பி. பழத்தச் சொல்லாத. உன் மருந்தப் பாரு.”

பார்த்தேன். காஸ்டிக் சோடா பாட்டிலின் மூடி சரியாக மூடாமல் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது. அதுவும் கார்பன் டை ஆக்சைடு குடிக்கிற சாமான்தான். செறிவு பார்க்க உதவும் தூய அமில உப்பான பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 0.5106 கிராம் எடுத்துச் சோதித்தால், சரியான 0.1 கரைசல் 25 மில்லி செலவாக வேண்டும். எனக்கு 26 ஆனது. அப்படியென்றால் கரைசல் 0.096. நான் 0.1 என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நிஜத்தில் 4.8 இருந்த எண்ணெயை 5.0 ஆக்கியது என் பாட்டில். நாலு பக்கம் கணக்கை எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். அண்ணனிடம் நேராகப் போய் மன்னிப்புக் கேட்டேன். “சரி விடு தம்பி, ஒரு தே ஓ வாங்கிக் கொடு” என்றார், பாலில்லாத தேநீரைத்தான் சொன்னார். மேனேஜர் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை கரைசலைச் சோதித்து, அந்த எண்ணைப் பாட்டிலிலேயே ஒட்டுகிறேன். மூடியில் காற்றை வடிக்க சோடா லைம் குழாய் ஒன்றும் பொருத்தியாயிற்று. ஐசோபுரோப்பனாலுக்கும் சொந்த அமிலம் உண்டு, எண்ணெய் போடும் முன் அதைத் தனியே நடுநிலைப்படுத்திவிட வேண்டும். கச்சா எண்ணெயின் ஆரஞ்சு நிறத்துக்கு நடுவில் இளஞ்சிவப்பைக் கண்டுபிடிப்பது இன்னொரு தொல்லை. நானும் இரவு ஷிஃப்ட் தங்கச்சியும் ஒரே எண்ணெயில் வேறு வேறு இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தோம். முடிந்த குடுவை ஒன்றை வெள்ளை டைல் மேல் அடையாளத்துக்கு வைத்துக்கொண்ட பிறகு இருவர் கண்ணும் ஒத்துப்போயின.

தராசைப் பற்றிச் சுருக்கமாக. ஈரம் பார்க்க எண்ணெயைக் கிண்ணத்தில் சூடேற்றிக் காயவைத்து, குறைந்த எடையைக் கணக்கிடுவோம். சூடான கிண்ணத்தை வைத்தால் மேலே எழும் காற்று அதைத் தூக்கிக் குறைத்துக் காட்டும். ஈரப்பதம் கூடினது போலத் தெரியும். பத்து கிராம் எண்ணெயில் 0.01 கிராம் தவறினால் 0.1 சதவீத ஈரம். எங்களுக்கு ஈரமும் அழுக்கும் சேர்த்தே அனுமதி 0.25. ஈரம் புகாத மூடிய பாத்திரமான டெசிகேட்டரில் முழுக்க ஆறவிடுங்கள், அதில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறினால் காயவையுங்கள், எடை போடும்போது காற்றாடியை நிறுத்துங்கள். எறும்பு உள்ளே போகும். நான் ஒருநாள் அரை மணி நேரம் நகரும் எண்ணோடு போராடிக் கடைசியில் ஒரு கட்டெறும்பைத் தட்டிவிட்டேன்.

தாத்தா ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர்ப் பால் அளந்தவர். பாலில் தண்ணீர் விட்டுக் கலக்கி, மேலே நிற்கும் நுரையைத் தகட்டால் வழித்த பிறகுதான் பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மிதவையான மெட்ரோலாக்கை மிதக்கவிடுவார்; நுரையோடு பார்த்தால் கோடு தெரியாது. வரிசையில் நிற்கிறவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்பார்களாம். “உன் கூலிதான்டா இது” என்று சொல்லிவிட்டு மறுபடி வழிப்பாராம். ரேம்ப் அண்ணன் கதை நடந்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் போன மாதம் கேட்டார், பேனா மாதிரி இருக்கும் மலிவு மீட்டர் பிள்ளைகளுக்குப் போதுமா என்று. போதும் டீச்சர். எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீர், பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் நீர் இதற்கெல்லாம் தாராளம். ஆனால் மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு நாலு சொட்டு இருக்கட்டும், 4, 7 பஃபர் பொடிப் பாக்கெட்டும் சேர்த்தே வாங்குங்கள். பஃபர் இல்லாமல் மீட்டர் மட்டும் வாங்கப் போகிறீர்களென்றால் அந்தக் காசுக்கு லிட்மஸ் தாள் வாங்கிவிடலாம், அது தசம எண் காட்டி ஏமாற்றாது.